தண்டுவடக் காயத்தோடு வீடு திரும்பிய பிறகு: எதைத் தானே செய்வது, எதை யாரிடம் கேட்பது

மருத்துவமனையிலிருந்து வீட்டுக்கு வந்த இரண்டாவது வாரம் ஒருவர் என்னைப் பார்க்க வந்தார். அவரும் சக்கர நாற்காலிதான். எனக்கு டி10 (மார்புப் பகுதித் தண்டுவடத்தில் பத்தாவது இடம், எண் குறையக் குறையக் காயம் மேலே), அவருக்கு அதற்கும் கொஞ்சம் மேலே, டி8. அடிபட்டு 11 வருடம் ஆகியிருந்தது. ஆறுதல் வார்த்தை ஒன்றும் சொல்லவில்லை. அம்மாவிடம் "கொஞ்சம் வெளியே இருங்கம்மா" என்றார். கதவு சாத்தியதும் என்னிடம் கேட்ட முதல் கேள்வி: "தம்பி, வெளிக்குப் போறதெல்லாம் எப்படி? யார் பார்த்துக்கிறாங்க?"

அதுவரை எத்தனையோ பேர் வந்து போயிருந்தார்கள். எப்போது நடப்பாய் என்று கேட்டார்கள், தைரியமாக இரு என்றார்கள், தங்களுக்குத் தெரிந்த யாரோ ஒருவர் ஏதோ ஒரு மருந்தில் எழுந்து நடந்த கதையைச் சொன்னார்கள். இதை மட்டும் யாரும் கேட்கவில்லை. எனக்கோ அப்போது இதைத் தவிர வேறு கவலையே இல்லை. அம்மாதான் கையுறை போட்டு எடுத்துவிட்டுக்கொண்டிருந்தார், 31 வயதில் அதை யாரிடம் போய்ச் சொல்வது?

அன்று ஒரு மணி நேரத்தில் அவர் சொல்லிக்கொடுத்தது, பிறகு மற்றவர்களிடம் கேட்டுத் தெரிந்துகொண்டது, நானே கெடுத்துக்கொண்டு கற்றது எல்லாம் சேர்ந்ததுதான் இது. உங்கள் உடம்புக்கு எது சரி என்று மறுவாழ்வு மருத்துவரும் பிசியோதெரபிஸ்ட்டும்தான் சொல்ல வேண்டும், அதில் நான் தலையிடவில்லை. அவர்கள் உங்களைப் பார்ப்பது எப்போதாவது ஒரு மணி நேரம். மிச்ச நேரத்துக்குத்தான் இது.

முதலில் ஒரு கணக்கு

தனித்து வாழ்வது என்றால் எல்லா வேலையையும் தன் கையாலேயே செய்து முடிப்பது என்று நம்மில் முக்கால்வாசிப் பேர் நினைக்கிறோம். நானும் அப்படித்தான் நினைத்தேன், அதனால் ஒரு வருடம் வீணாகப் போனது.

எட் ராபர்ட்ஸ் என்று ஒருவர் இருந்தார். போலியோவால் கழுத்துக்குக் கீழே கிட்டத்தட்ட எதுவும் அசையாது, இரவில் மூச்சு விட உதவும் இரும்பு நுரையீரல் இயந்திரத்துக்குள்தான் படுக்க வேண்டும். 1962இல் கலிபோர்னியா பல்கலைக்கழகத்தின் பெர்க்லி வளாகத்தில் படிக்கச் சேர்ந்தார், வளாக மருத்துவமனையில் தங்கித்தான் படித்தார். அவரைப் போன்ற இன்னும் சில மாணவர்கள் அங்கே வந்து சேர, 1972இல் மாற்றுத்திறனாளிகள் தாங்களே நடத்தும் சுதந்திர வாழ்வு மையம் பெர்க்லியில் உருவானது. அங்கே என்ன செய்தார்கள் என்று பார்த்தால் பெரிய தத்துவம் ஒன்றும் இல்லை: உதவியாளர்களின் பட்டியல் வைத்திருந்தார்கள், சக்கர நாற்காலியைப் பழுது பார்த்தார்கள், படியில்லாத வீடு தேடிக்கொடுத்தார்கள், புதிதாக வருபவரோடு பழையவர் உட்கார்ந்து பேசினார். ராபர்ட்ஸால் தன் சட்டையைத் தானே போட்டுக்கொள்ள முடியாது. ஆனால் எத்தனை மணிக்கு எழுவது, யார் வந்து சட்டை போட்டுவிடுவது, எந்தச் சட்டை என்பதெல்லாம் அவர் முடிவு. ஐ.நா.வின் மாற்றுத்திறனாளிகள் உரிமை உடன்படிக்கையும் (2006) 19ஆம் பிரிவில் இதைத்தான் சொல்கிறது: எங்கே வாழ்வது, யாரோடு வாழ்வது என்பதை அவரே தேர்ந்தெடுக்க வேண்டும், அதற்கு வேண்டிய ஆள் உதவி அவருக்குக் கிடைக்க வேண்டும்.

ஆக, ஒரு தாளை எடுத்துக்கொள்ளுங்கள். காலையில் கண் விழித்ததிலிருந்து இரவு தூங்கும் வரை செய்கிற ஒவ்வொன்றையும் எழுதுங்கள், பல் தேய்ப்பதிலிருந்து கதவைத் தாழ்ப்பாள் போடுவது வரை. ஒவ்வொன்றுக்கும் எதிரே மூன்றில் ஒன்று: நானே செய்வேன், பொருளை மாற்றினால் செய்வேன், சொல்லிச் செய்விப்பேன். நடுவில் உள்ளதுதான் சுவாரசியமானது, ஏனென்றால் 'முடியாது' என்று நாம் ஒதுக்கியதில் பாதி அங்கே வந்து விழும். தாழ்ப்பாளைக் கீழே இறக்கினால் முடியும், குழாயின் திருகை நெம்புகோல் பிடியாக மாற்றினால் முடியும், ஸ்பூனில் ஒரு பட்டை தைத்தால் முடியும்.

அடிபட்ட இடத்தைப் பொறுத்து இந்தத் தாள் மாறும். சி5 (சி என்பது கழுத்துப் பகுதி) என்றால் முழங்கையை மடக்க முடியும், மணிக்கட்டு தூக்காது. சி6 என்றால் மணிக்கட்டைப் பின்னால் வளைக்க முடியும், அப்படி வளைத்தாலே விரல்கள் தானாக உள்ளே மடங்கி ஒரு பிடி கிடைக்கும். அந்தப் பிடியை வைத்தே குவளை தூக்குகிறவர்கள், எழுதுகிறவர்கள் உண்டு. அதனால்தான் சி6காரர்களின் விரல்களை நல்லது செய்வதாக நினைத்து நீட்டி நீட்டி இழுக்கக் கூடாது என்பார்கள், விரல் தளர்ந்துவிட்டால் அந்தப் பிடியும் போய்விடும். சி7 என்றால் முழங்கையை நீட்டும் தசை வேலை செய்யும், கையை ஊன்றி உடம்பைத் தூக்கலாம், கட்டிலிலிருந்து நாற்காலிக்கு ஆள் இல்லாமல் மாற வழி பிறக்கும்.

இன்னொன்று. முடியும் என்பதாலேயே எல்லாவற்றையும் நீங்களே செய்ய வேண்டியதில்லை. எங்கள் வட்டத்தில் சி6காரர் ஒருவர் இருக்கிறார், தானாக உடை மாற்ற அவருக்கு 50 நிமிடம் ஆகும், உதவியாளர் இருந்தால் 10 நிமிடம். மாதத்தில் ஒரு நாள் பழக்கம் விட்டுப்போகாமல் இருக்கத் தானே மாற்றிக்கொள்வார், மற்ற நாளெல்லாம் உதவி வாங்கிக்கொண்டு அந்த 40 நிமிடத்தைத் தன் வேலைக்கு வைத்துக்கொள்வார். இதில் வெட்கப்பட ஒன்றும் இல்லை. நடக்கிறவர்கள் பேருந்தில் ஏறுவதில்லையா?

உதவி ஒரே ஆளின் முதுகில் விழக் கூடாது

பெரும்பாலான வீடுகளில் நடப்பது இது: மனைவியோ அம்மாவோ ஒருவர் எல்லாவற்றையும் எடுத்துப்போட்டுச் செய்வார், இரண்டு வருடத்தில் அவருக்கு இடுப்பு போய்விடும், அப்புறம் இரண்டு பேருக்கும் ஆள் வேண்டும். நம் தோளும் அவர் இடுப்பும் வீட்டின் சொத்து என்று நினைத்துக்கொள்ளுங்கள்.

மேலே எழுதிய தாளில் 'சொல்லிச் செய்விப்பேன்' என்று வந்ததை எல்லாம் தனியாக எடுத்து, குறைந்தது மூன்று பேருக்குப் பிரியுங்கள். காலை வேலை ஒருவர், வாரம் இரு முறை குளியல் ஒருவர், வெளி வேலை ஒருவர் என்று. மலம், சிறுநீர் விஷயம் முடிந்தவரை வீட்டு ஆளிடம் இல்லாமல் சம்பளத்துக்கு வரும் ஆளிடம் இருப்பது நல்லது என்பது என் கருத்து, எல்லோரும் ஒத்துக்கொள்ள மாட்டார்கள். ஆனால் மனைவி மனைவியாக இருக்க வேண்டும் என்றால் அவர் நர்ஸாக இருக்கும் நேரத்தைக் குறைக்கத்தான் வேண்டும். வசதி இல்லை, வீட்டு ஆள்தான் என்றால், வாரத்தில் ஒரு நாளாவது அவருக்கு முழு விடுப்பு. அந்த நாளை முன்கூட்டியே குறித்து வையுங்கள், "முடிஞ்சா போயிட்டு வா" என்று விட்டால் அது வரவே வராது.

சொந்தக்காரராக இருந்தாலும் நேரம், வேலை, பணம் மூன்றையும் முதல் நாளே பேசிவிடுங்கள். நம் ஆட்களுக்கு இதைப் பேசக் கூச்சம், பேசாமல் விட்டு ஆறு மாதம் கழித்து முகம் கொடுத்துப் பேசாமல் போனவர்களை நான் பார்த்திருக்கிறேன்.

புது ஆளுக்கு வேலையை நீங்கள்தான் சொல்லிக்கொடுக்க வேண்டும், வீட்டில் உள்ளவர்கள் அல்ல. உங்கள் வாயால் சொல்லும்போதுதான் இந்த உடம்புக்குப் பொறுப்பாளி யார் என்று அவருக்குப் புரியும். கட்டிலிலிருந்து நாற்காலிக்கு மாறுவதையே எடுத்துக்கொள்வோம். நாற்காலி கட்டிலை ஒட்டிக் கொஞ்சம் சாய்வாக நிற்க வேண்டும். பிரேக் இரண்டும் போட்டாயிற்றா என்று கையால் தொட்டுப் பார்க்க வேண்டும், கண்ணால் பார்த்தால் போதாது. கட்டில் பக்கத்துக் கைப்பிடியைக் கழற்றி, இடுப்பைக் கட்டிலின் விளிம்புக்குக் கொண்டுவந்து, பாதம் இரண்டையும் தரையில் பதித்து, ஒரு கை நாற்காலியில், ஒரு கை மெத்தையில். இப்போது தலையை முன்னால் குனிந்து, போக வேண்டிய திசைக்கு எதிர்ப்பக்கம் கொண்டுபோனால் இடுப்பு தானாகத் தூக்கிக்கொண்டு மறுபக்கம் போகும். தலை ஒரு பக்கம், இடுப்பு மறுபக்கம், அவ்வளவுதான் சூட்சுமம், ஆனால் பழக எனக்கு இரண்டு மாதம் ஆனது. உதவிக்கு நிற்பவர் அக்குளில் கை கொடுத்துத் தூக்கக் கூடாது, தோள்பட்டை பிசகிவிடும். இடுப்புப் பட்டையைப் பிடிக்கச் சொல்லுங்கள். இழுத்துத் தேய்க்கவும் கூடாது, தூக்கி வைக்க வேண்டும், தேய்த்தால் தோல் உரியும், நமக்கோ தெரியவே தெரியாது. அப்புறம் 'ஒன்று, இரண்டு, மூன்று' என்று எண்ணும்போது, மூன்று சொல்லும்போதே தூக்குவதா, சொல்லி முடித்த பிறகா என்பதை முதலிலேயே பேசிக்கொள்ளுங்கள். சிரிக்காதீர்கள், பாதி விழுதல் இதில்தான் நடக்கிறது.

எல்லா உதவியாளருக்கும் தெரிந்திருக்க வேண்டியவை

இவற்றை ஒரே பக்கத்தில் எழுதிச் சுவரில் ஒட்டிவிடுங்கள். என் வீட்டில் கட்டில் தலைமாட்டில் இருக்கிறது.

தோல். உட்கார்ந்திருக்கும்போது 15 முதல் 30 நிமிடத்துக்கு ஒரு முறை எடையை இறக்க வேண்டும். கையை ஊன்றி ஒரு நொடி எம்பினால் போதும் என்று பலர் நினைக்கிறார்கள், போதாது. அழுந்திய இடத்துக்கு ரத்தம் திரும்ப ஏறச் சுமார் 2 நிமிடம் வேண்டும், அவ்வளவு நேரம் கையில் தொங்கினால் தோள் தாங்காது. அதனால் முன்னால் குனிந்து மார்பைத் தொடை மேல் சாய்த்துக்கொள்ளுங்கள், அல்லது ஒரு பக்கம், பிறகு மறுபக்கம் சாயுங்கள். காலையும் இரவும் கைக்கண்ணாடி வைத்து வால் எலும்பு, உட்காரும் எலும்பு இரண்டு, இடுப்பின் பக்கவாட்டு, குதிகால் எல்லாம் பார்க்க வேண்டும். நம் போன்ற கருத்த தோலில் சிவப்பு தெரியாது, சுற்றியிருப்பதைவிடக் கறுத்தோ ஊதாவாகவோ இருக்கும், தொட்டால் சூடாக அல்லது கெட்டியாக இருக்கும். அழுத்தத்தை எடுத்து அரை மணி நேரம் ஆகியும் மாறவில்லை என்றால் அந்த இடத்தில் உட்காரக் கூடாது, படுக்கக் கூடாது. ஒரு நாள் படுக்கையோடு போகும். அலட்சியம் செய்தால் மாதக்கணக்கில் போகும்.

சிறுநீர். அவ்வப்போது கதீட்டர் (சிறுநீரை வெளியேற்றும் மெல்லிய குழாய்) போடுகிறவர் என்றால் 4 முதல் 6 மணி நேரத்துக்கு ஒரு முறை, ஒவ்வொரு முறையும் 500 மில்லிக்குள் இருக்க வேண்டும். அதற்கு மேல் வந்தால் இடைவெளியைக் குறைக்க வேண்டும், தண்ணீரைக் குறைக்கக் கூடாது. வெளியே போகும் நாளில் தண்ணீரே குடிக்காமல் கிளம்புவது நம் கூட்டத்தின் பொது வியாதி, கல்லும் தொற்றும் அங்கிருந்துதான் வருகின்றன.

மலம். தினமும் அல்லது ஒரு நாள் விட்டு ஒரு நாள், ஆனால் ஒரே நேரத்தில். சாப்பிட்டு அரை மணி நேரம் கழித்து உட்காருங்கள், சாப்பாடு உள்ளே போனால் பெருங்குடல் தானாக அசையத் தொடங்கும், அதைப் பயன்படுத்திக்கொள்வதுதான். காயம் மேலே இருந்து அனிச்சைச் செயல் மிச்சமிருந்தால் விரலால் தூண்டினால் இறங்கும், காயம் கீழே இருந்து அனிச்சையே இல்லை என்றால் விரலால் எடுக்க வேண்டியிருக்கும். உங்களுக்கு எது என்று மருத்துவரிடம் கேட்டுத் தெரிந்துகொண்டு, உட்காரும் கமோடு நாற்காலியும் கை எட்டும் தூரமும் சரியாக அமைந்தால் பலர் இதைத் தாங்களே செய்துகொள்ளலாம். நான் இப்போது அப்படித்தான். அந்த அண்ணன் முதல் நாள் கேட்ட கேள்விக்குப் பதில் சொல்ல எனக்கு நான்கு மாதம் ஆனது.

அடுத்தது டி6க்கும் அதற்கு மேலேயும் அடிபட்டவர்களுக்கு, இது உயிர் விஷயம். திடீரென்று தலை வெடிப்பது போல வலி, முகமும் கழுத்தும் சிவந்து வியர்த்தல், மூக்கடைப்பு, காயத்துக்குக் கீழே புல்லரித்துச் சில்லிட்டுப்போதல், ரத்த அழுத்தம் வழக்கத்தைவிட 20 முதல் 40 வரை ஏறியிருத்தல். கீழே எங்கோ ஒரு தொல்லை இருக்கிறது, உடம்பு அதைச் சொல்ல வழியில்லாமல் அழுத்தத்தை ஏற்றிக்கொண்டே போகிறது. யாருக்காவது தலைவலி என்றால் படுக்க வைப்பதுதான் எல்லோருக்கும் தோன்றும், இதில் அதைச் செய்யவே கூடாது. நிமிர்த்தி உட்கார வையுங்கள், காலைத் தொங்கப் போடுங்கள், பெல்ட், ஷூ, வயிற்றுப் பட்டை எல்லாவற்றையும் தளர்த்துங்கள். முதலில் சிறுநீர்: குழாய் மடங்கியிருக்கிறதா, பை நிரம்பியிருக்கிறதா, சிறுநீர்ப்பை நிரம்பியிருக்கிறதா. அடுத்து மலம் தேங்கியிருக்கிறதா. அதன் பிறகு தோல், நகம், இறுக்கமான தையல். சில நிமிடத்துக்கு ஒரு முறை அழுத்தம் பாருங்கள், இறங்கவில்லை என்றால் உடனே மருத்துவமனை. அவர்களுடைய வழக்கமான அழுத்தமே மேலெண் 90 முதல் 110தான் இருக்கும், ஆகவே 140 என்பது புதிய மருத்துவருக்குச் சாதாரணமாகத் தெரியலாம். வழக்கமான அளவை ஒரு அட்டையில் எழுதிப் பணப்பையிலேயே வையுங்கள்.

சூடு பற்றி ஒரு வரி: குளிக்கும் தண்ணீரை உணர்ச்சியுள்ள இடத்தால் தொட்டுப் பார்க்காமல் ஊற்றிக்கொள்ளக் கூடாது, சூடான குவளையைத் தொடை இடுக்கில் வைக்கக் கூடாது, மடியில் மடிக்கணினி வைக்கக் கூடாது.

போன் மேசையில் அல்ல, உடம்பில்

இது என் கதை. மூன்றாவது வருடம், வீட்டில் யாரும் இல்லை, குளியலறையில் கமோடு நாற்காலியிலிருந்து மாறும்போது சக்கரம் நழுவிக் கீழே வந்துவிட்டேன். பிரேக்கை அன்று கண்ணால்தான் பார்த்திருந்தேன். எலும்பு உடையவில்லை, வலியும் இல்லை. போன் கட்டில் மேல் இருந்தது, அடிக்கிறது, எனக்குக் கேட்கிறது. ஈரத் தரையில் இடுப்பெலும்பு அழுந்த மூன்று மணி நேரம். பக்கத்து வீட்டில் ஆள் இருந்தும் கதவு உள்ளே தாழ்ப்பாள். அந்த மூன்று மணி நேரம் எனக்கு ஒரு புண்ணைக் கொடுத்தது, அது ஆற இரண்டு மாதம் குப்புறப் படுத்திருந்தேன்.

அதற்குப் பிறகு வைத்துக்கொண்ட பழக்கங்கள்: போன் கழுத்தில் தொங்கும் பையில், குளியலறைக்கும் சேர்த்து. பக்கத்து வீடு ஒன்றில் மாற்றுச் சாவி. உள்தாழ்ப்பாள் கிடையாது. காலையில் ஒருவருக்கு ஒரு குறுஞ்செய்தி, 9 மணிக்குள் வரவில்லை என்றால் அவர் கூப்பிடுவார், எடுக்கவில்லை என்றால் சாவிக்காரர் வருவார். இந்த ஏற்பாட்டில் இருக்கும் இரண்டு பேரில் ஒருவர்கூட என் சொந்தக்காரர் இல்லை, அவர்களுக்கு இதில் தினம் ஒரு நிமிடம்கூடச் செலவில்லை. அப்புறம் விழுந்தால் தரையிலிருந்து நாற்காலிக்கு ஏறும் வழியைப் பிசியோதெரபிஸ்ட்டோடு பழகுங்கள். ஏற முடியாதவர்கள், தன்னை எப்படித் தூக்க வேண்டும் என்று இரண்டு அந்நியர்களுக்கு வாயால் சொல்லிக்கொடுக்கப் பழகுங்கள்.

வீடு

இதைப் பற்றி எழுதாத இடம் இல்லை, சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். சாய்தளம் 1க்கு 12, அதாவது ஒரு அடி உயரத்துக்குப் பன்னிரண்டு அடி நீளம். கதவு திறந்த பிறகு கிடைக்கும் இடைவெளி 80 சென்டிமீட்டராவது வேண்டும், கதவுச் சட்டத்தின் அகலத்தை அளந்து ஏமாறாதீர்கள். திரும்ப 150 சென்டிமீட்டர் வட்டம். கட்டிலும் நாற்காலியும் குஷனோடு சேர்த்து ஒரே உயரத்தில் இருந்தால் தோளுக்கு ஆயுள் கூடும். காசு கொஞ்சம்தான் இருக்கிறது என்றால் முதலில் கழிவறை, அப்புறம் வாசல், மற்றதெல்லாம் மெதுவாக. பலர் வாசலில் தொடங்கிக் கழிவறைக்கு வருவதற்குள் காசு தீர்ந்துவிடுகிறது, வெளியிலிருந்து பார்ப்பவர்களுக்கு வாசல்தானே தெரியும்.

நம்மைப் போன்ற ஐந்து பேர்

லுட்விக் குட்மன் என்ற மருத்துவர் 1944இல் இங்கிலாந்தின் ஸ்டோக் மாண்டவில் மருத்துவமனையில் தண்டுவடப் பிரிவைத் தொடங்கி, 1948இல் 16 பேரை வைத்து வில்வித்தைப் போட்டி நடத்தினார், பாராலிம்பிக் அதிலிருந்து வளர்ந்தது. எல்லோரும் பதக்கத்தைப் பற்றித்தான் பேசுகிறார்கள். எனக்குப் படுவது வேறு: 16 பேர் ஒரே இடத்தில் கூடினால் வில்லையும் அம்பையும் மட்டுமா பேசியிருப்பார்கள்? குஷனைப் பற்றிப் பேசியிருப்பார்கள், சிறுநீர்ப் பையைப் பற்றிப் பேசியிருப்பார்கள். சுவீடனில் 1976இல் ஆரம்பித்த ஒரு முறை இதையே நேரடியாகச் செய்தது. முகாம் நடத்தி, சக்கர நாற்காலியிலேயே பல வருடம் வாழ்ந்தவர்களைப் பயிற்சியாளர்களாக வைத்தார்கள். நடைமேடையிலிருந்து எப்படி இறங்குவது என்பதை நடக்கிறவர் சொல்லிக்கொடுப்பதற்கும் அதில் தினமும் இறங்குகிறவர் சொல்லிக்கொடுப்பதற்கும் உள்ள வித்தியாசம் உங்களுக்குத் தெரியும்.

ஐந்து பேர் போதும். எங்கே தேடுவது? நீங்கள் சிகிச்சை எடுத்த வார்டின் மூத்த நர்ஸைக் கேளுங்கள், அவருக்கு எல்லோரையும் தெரியும். உங்கள் எண்ணை அவர்களுக்குக் கொடுக்கச் சொல்லுங்கள், அவர்கள் எண்ணைக் கேட்காதீர்கள், விருப்பமிருந்தால் அவர்களே கூப்பிடட்டும். சக்கர நாற்காலி சரிசெய்கிறவர், கதீட்டர் விற்கும் மருந்துக்கடைக்காரர், இவர்களிடமும் ஒரு வார்த்தை சொல்லி வையுங்கள். உங்கள் அளவிலேயே அடிபட்டவர் ஒருவராவது இருப்பது முக்கியம், கழுத்தில் அடிபட்டவருக்கு என் யோசனைகள் பாதி உதவாது, சில சமயம் மனசை நோகடிக்கவும் செய்யும்.

கூடும்போது பேச்சு மட்டும் என்றால் மூன்றாவது கூட்டத்துக்கு ஆள் வராது. கையில் வேலை வேண்டும். எங்களுக்கு மாதத்தில் ஒரு நாள் நாற்காலி நாள். முன்சக்கரத்தின் அச்சைக் கழற்றிப் பார்த்தால் உள்ளே தலைமுடியும் நூலும் சுற்றிச் சுற்றி ஒரு கறுத்த வளையமாக இறுகியிருக்கும், பிளேடால் அறுத்து இடுக்கியால் இழுத்தால் பாம்புச் சட்டை மாதிரி நீளமாக வரும், எடுத்த பிறகு நாற்காலி தள்ளாமலே ஓடுகிற மாதிரி இருக்கும். ஒரு வருடமாகத் தோள்வலி என்று மருந்து சாப்பிட்டுக்கொண்டிருந்த ஒருவருக்குப் பிரச்சினை பின்சக்கரத்தில் காற்று குறைந்திருந்ததுதான். இந்த வேலை நடக்கும்போதுதான் உண்மையான பேச்சு வரும்: மனைவியோடு படுக்கை, குழந்தை, தூக்கம் வராத இரவுகள், செத்துப்போகலாம் என்று தோன்றியது. கடைசியாகச் சொன்னதை யாராவது சொன்னால் நழுவவிடாதீர்கள், அன்றைக்கே அவரோடு இருங்கள், மனநல மருத்துவரிடம் கூடப் போங்கள், நண்பர்கள் மட்டுமே தாங்கக்கூடிய விஷயம் அல்ல அது.

பெண்களுக்குத் தனியாக ஒரு வட்டம் வேண்டும். ஆண்கள் உட்கார்ந்திருக்கும் இடத்தில் மாதவிடாயையும் கர்ப்பத்தையும் எப்படிக் கேட்பார்கள்? காயத்துக்குப் பிறகு சில மாதம் நின்றுபோகும் மாதவிடாய் பெரும்பாலும் திரும்பி வரும், கருத்தரிக்கவும் முடியும் என்பதையே பல பேருக்கு யாரும் சொல்லியிருக்க மாட்டார்கள். அதே போல வீட்டு ஆட்களுக்கும் தனியாக ஒன்று. என் அம்மா இன்னொரு அம்மாவிடம் என்ன பேசினார் என்று எனக்கு இன்றுவரை தெரியாது, ஆனால் திரும்பி வந்து முதல் முறையாக என்னைத் திட்டினார், அது நல்ல அறிகுறி.

விதிகள் எங்களுக்கு இரண்டுதான். புண்ணின் படத்தை அனுமதி இல்லாமல் யாருக்கும் அனுப்பக் கூடாது. குணமாக்கும் மருந்து, ஊசி, செல் சிகிச்சை என்று எதையும் விற்கக் கூடாது. முழுவதும் துண்டிக்கப்பட்ட தண்டுவடத்தை மீட்டுக்கொடுக்கும் சிகிச்சை எதுவும் இன்றுவரை நிரூபிக்கப்படவில்லை, அந்தப் பேரில் வீட்டை விற்றவர்களை நாங்கள் பார்த்துவிட்டோம். முறையான ஆராய்ச்சியில் சேருகிறவரிடம் யாரும் காசு கேட்க மாட்டார்கள் என்பதை மட்டும் சொல்லி விட்டுவிடுவோம்.

வெளியே போவது

முதல் முறை கல்யாணத்துக்கோ விழாவுக்கோ போகாதீர்கள். அரை மணி நேரத்தில் திரும்பும்படி எங்காவது போங்கள், என்னென்ன தடுக்கிறது என்று பார்ப்பதற்காகவே போங்கள். இரண்டாம் முறை அதே இடத்துக்கு. நாற்காலியின் பின்னால் ஒரு பை எப்போதும் தயாராக இருக்கட்டும்: கணக்குக்கு மேல் இரண்டு கதீட்டர், ஈரத் துடைப்பான், மாற்று உடை ஒன்று, கைப்பம்பு, ஆலன் சாவி, மேலே சொன்ன அட்டை. கழுத்தில் அடிபட்டவர்களுக்குக் காயத்துக்குக் கீழே வியர்க்காது, வெயிலில் உடம்பு சூடேறிக்கொண்டே போகும், அவர்கள் தண்ணீர் பீய்ச்சும் ஒரு புட்டியும் ஈரத் துணியும் சேர்த்துக்கொள்ள வேண்டும்.

யாராவது கேட்காமல் பின்னால் வந்து நாற்காலியைத் தள்ளினால் சக்கரத்தைப் பிடித்து நிறுத்திவிட்டு, "நன்றிங்க, வேணும்னா கூப்பிடுறேன்" என்று சொல்லப் பழகுங்கள். உதவி வேண்டும்போது பொதுவாக "யாராவது உதவுங்க" என்று சொன்னால் எல்லோரும் பக்கத்தில் இருப்பவரைப் பார்ப்பார்கள். ஒருவரைக் கைகாட்டி, "அண்ணே, நீங்க பின்னாடி இந்தக் கம்பியைப் பிடிங்க, கைப்பிடியைப் பிடிக்காதீங்க, கழண்டு வரும்" என்று சொன்னால் அடுத்த நிமிடம் படி ஏறியிருப்பீர்கள்.

அடுத்தவர் வீட்டுக்கு நீங்கள் போகும்போது

ஒரு வருடமோ இரண்டு வருடமோ ஆனதும் அந்த நர்ஸ் உங்களைக் கூப்பிடுவார், புதிதாக ஒருவர் வீட்டுக்குப் போயிருக்கிறார், ஒரு தடவை பார்த்துவிட்டு வர முடியுமா என்று. போங்கள். நடப்பாரா மாட்டாரா என்பதைப் பற்றி ஒரு வார்த்தை பேச வேண்டாம், அது மருத்துவர் பாடு. உங்கள் சாதனைகளைச் சொல்ல வேண்டாம், அன்றைக்கு அது அவருக்கு எரிச்சலாகத்தான் இருக்கும். வீட்டு ஆளை வெளியே அனுப்பிவிட்டு, கேட்க வேண்டியதைக் கேளுங்கள். போகும்போது ஒரு பெட்டி கையுறையும், நீளப் பிடி வைத்த கைக்கண்ணாடி ஒன்றும் எடுத்துக்கொண்டு போங்கள். கையுறை எப்படியும் வாங்கியிருப்பார்கள், கண்ணாடி பெரும்பாலும் இருக்காது.